நாலு கம்பி, பதினாலாயிரம் ரூபாய்: நம்ம ஊர்ல இருந்து ஒரு பேஸ் கிட்டார் வாங்கறது எப்படி?

முதல்லயே சொல்லிடறேன், இது 'டாப் 10 பேஸ் கிட்டார்' லிஸ்ட் இல்ல. அந்த மாதிரி லிஸ்ட் நெட்ல கொட்டிக் கிடக்கு. அதை எழுதறவங்களுக்குத் தெருமுனையில ஒரு மியூசிக் கடை இருக்கும், வீட்ல தனி ரூம் இருக்கும், ரூம்ல இடுப்பு உயர ஆம்ப் இருக்கும். எனக்கு அரியலூர்ல வீடு, பெரம்பலூர்ல காலேஜ், நடுவுல ஒரு மணி நேர பஸ். கையில இருந்தது பத்தாவது படிக்கிற நாலு பசங்களுக்கு மேத்ஸ் டியூஷன் எடுத்துச் சேர்த்த பதினாலாயிரம். இந்த நிலைமையில இருக்கிற ஒருத்தர் ஒரே ஒரு பேஸ் வாங்கணும்னா எதைப் பார்க்கணும்? அதைத்தான் எழுதப் போறேன். நீங்க வேப்பூர்ல இருந்தாலும், செந்துறையில இருந்தாலும் உங்க கதையும் ஏறக்குறைய இதுதான்னு நினைக்கிறேன்.

மொதல்ல, பேஸ் எதுக்கு?

நம்ம பக்கம் பேஸ் கிட்டார் வாசிக்கிறவங்களை நீங்க பார்த்திருக்கவே வாய்ப்பு கம்மி. திருவிழாவுக்கு வர்ற லைட் மியூசிக் ட்ரூப்பைக் கவனிங்க. கீபோர்டு ரெண்டு, ஆக்டோபேட் ஒண்ணு, தபேலா, பாடறவங்க. பேஸ் எங்கன்னு கேட்டா, கீபோர்டு வாசிக்கிறவரோட இடது கையைக் காட்டுவாங்க.

ஜெயங்கொண்டத்துல ஒரு அண்ணன், இருபது வருஷம் முன்னாடி ஒரு ட்ரூப்ல பேஸ் வாசிச்சவர், இப்போ மொபைல் ரிப்பேர் கடை வச்சிருக்கார். ஏன் விட்டீங்கன்னு கேட்டேன். "பேஸ்னா ஒரு ஆள் சம்பளம், ஒரு சாப்பாடு, வேன்ல ஒரு சீட்டு தங்கச்சி. கீபோர்டுக்காரரு இடது கைக்கு அது எதுவும் வேணாம்ல" அப்படின்னார். கோவம் எதுவும் இல்ல, கணக்கு சொல்ற மாதிரிதான் சொன்னார்.

அந்தக் கணக்கு சரிதான். ஆனா கீபோர்டு இடது கையில வர்றதும், விரலால கம்பியை இழுத்து வர்றதும் ஒண்ணு இல்ல. இதுக்கு ஆதாரம் உங்க போன்லயே இருக்கு. நல்ல ஹெட்போன் ஒண்ணைக் கடன் வாங்கி, 'நினைவெல்லாம் நித்யா' (1982) படத்துல வர்ற 'பனிவிழும் மலர்வனம்' பாட்டைக் கேளுங்க. பாடகரை விட்டுட்டு அடியில போறதை மட்டும் தொடர்ந்து போங்க. இளையராஜா ஒவ்வொரு வாத்தியத்துக்கும் நோட்ஸ் எழுதிக் கொடுக்கிறவர், பேஸுக்கும் சேர்த்துத்தான். அவர் குழுவுல பல வருஷம் பேஸ் வாசிச்சவர் சசிதரன். ஏ.ஆர்.ரஹ்மான் பாட்டுகள்ல கீத் பீட்டர்ஸ். மும்பைல இருந்து வந்து ரஹ்மான் மேடைகள்ல வாசிச்ச மோஹினி டே ஒரு பொண்ணு. இவங்க பேரெல்லாம் பாடகர்கள் பேர் மாதிரி நமக்குத் தெரியாது. ஆனா அந்த லைனை எடுத்துட்டா பாட்டு அந்தரத்துல தொங்கும்.

ஹெட்போன்ல கேளுங்கன்னு சொன்னதுக்குக் காரணம் இருக்கு. பேஸோட தடிமனான ஈ கம்பி சும்மா இழுத்தா 41 ஹெர்ட்ஸ். அடுத்து ஏ 55, டி 73, ஜி 98. போன் ஸ்பீக்கர் 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழ பெருசா எதையும் வெளிய தராது. நீங்க போன்ல கேக்கறது அந்த சுருதியோட மேல் ஹார்மானிக்ஸ் மட்டும்தான். மீதியை மூளை இட்டு நிரப்பிக்குது. அதனால ரெண்டு பேஸை ஒப்பிடற வீடியோவைப் போன் ஸ்பீக்கர்ல பார்த்து முடிவு பண்ணாதீங்க. விக்கிற சரக்குல பாதி அங்க கேக்கவே கேக்காது.

எங்கெல்லாம் வாசிக்கப் போறீங்க?

எல்லாரும் 'எந்த பிராண்ட்?'னு ஆரம்பிப்பாங்க. நான் ஒரு பேப்பர்ல, என்னை எங்கெல்லாம் கூப்பிட வாய்ப்பு இருக்குன்னு எழுதினேன். காலேஜ் கல்ச்சுரல்ஸ்: சினிமாப் பாட்டு, நடுவுல ஒரு ராக். ஏலாக்குறிச்சி பக்கம் ஃப்ரெண்டோட சர்ச் பாடகர் குழு: மெதுவான, நீளமான சுருதிகள். எப்பவாவது ஒரு கோவில் திருவிழா மேடை: குத்து, கானா, பழைய மெலடி, எல்லாம் ஒரே ராத்திரியில. அப்புறம் வீட்ல, தங்கச்சி பன்னிரண்டாவது படிக்கிறதால சத்தமே இல்லாம ப்ராக்டிஸ்.

நாலுக்கும் ஒரே பேஸ். 'வெர்சடைல்'னு சொல்றாங்களே, அதுக்கு எனக்கு இதுதான் அர்த்தம். நிறைய குமிழ் இருக்கிறது இல்ல, கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் தூக்கிட்டுப் போய் மானத்தோட வாசிக்க முடியறது.

பி-யா, ஜே-யா?

கொஞ்சம் வரலாறு. 1951ல அமெரிக்காவுல லியோ ஃபெண்டர் 'ப்ரெசிஷன் பேஸ்'னு ஒண்ணைக் கொண்டு வந்தார். அதுக்கு முன்னாடி பேஸுன்னா ஆள் உயரத்துக்கு நிக்கிற டபுள் பேஸ். அதுல ஃப்ரெட் கிடையாது, சுருதி உங்க விரலை நம்பித்தான். இவர் ஃப்ரெட் வச்சார், அதனால சுருதி துல்லியம், அதனாலதான் ப்ரெசிஷன்னு பேர். 1957ல அதோட பிக்கப்பை ரெண்டு துண்டாக்கினாங்க. 1960ல ரெண்டு ஒல்லி பிக்கப்போட 'ஜாஸ் பேஸ்' வந்துச்சு. இன்னைக்கு நம்ம பட்ஜெட்ல கிடைக்கிற பேஸ்ல பெரும்பாலானது இந்த ரெண்டுல ஒண்ணோட வாரிசு, இல்லன்னா ரெண்டையும் கலந்தது.

பி பிக்கப்போட சத்தம் தடிமன். கூட்டத்துல வழி விடாம நிக்கும். ஜே பிக்கப், பாலத்துக்குப் பக்கத்துல இருக்கிறது, கொஞ்சம் கூர்மை. விரல் ஓடறது தெளிவாக் கேக்கும், ஸ்லாப் அடிச்சா பேசும்.

இங்க நம்ம ஊர் சமாச்சாரம் ஒண்ணு இருக்கு. திருவிழா மேடையை நினைச்சுப் பாருங்க. தலைக்கு மேல சீரியல் செட், பின்னாடி ஜெனரேட்டர், எர்த் இருக்கா இல்லையான்னு யாருக்கும் தெரியாது. சிங்கிள் காயில் பிக்கப் ஒரு ஆன்டெனா மாதிரி. மெயின்ஸோட 50 ஹெர்ட்ஸை அப்படியே வாங்கி 'ம்ம்ம்'னு இரையும். ஈ கம்பில மூணாவது ஃப்ரெட்ல வர்ற ஜி சுருதி எவ்வளவு தெரியுமா? 49 ஹெர்ட்ஸ். அதாவது, உங்க ஜி-க்குப் பக்கத்துலயே லேசா சுருதி விலகி மின்வாரியம் பாடிட்டு இருக்கும்! இ.இ.இ. படிக்கிறதுல எனக்குக் கிடைச்ச நேரடி இசைப் பயன் இது ஒண்ணுதான்.

பி பிக்கப்போட ரெண்டு துண்டும் எதிர் எதிர் திசையில சுத்தினது. காந்தத்தையும் மாத்தி வச்சிருப்பாங்க. அதனால கம்பியோட சிக்னல் கூடும், வெளியில இருந்து வர்ற இரைச்சல் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும். ஜாஸ் பேஸ்ல ரெண்டு பிக்கப்பையும் ஒரே அளவுல திறந்தா இதே மாதிரி இரைச்சல் அடங்கும். ஒண்ணை மட்டும் குறைச்சா திரும்ப வந்துடும்.

அதனால என் விடை: முன்னாடி பி, பின்னாடி ஜே வச்ச 'பி.ஜே.' பேஸ். மேடையில இரைச்சல் வந்தா பி மட்டும் வச்சு ராத்திரியை ஓட்டிடலாம். காலேஜ் ஆடிட்டோரியத்துல வயரிங் ஒழுங்கா இருந்தா ஜே-யையும் திறந்துக்கலாம். டோன் குமிழ் வேற எதுவும் இல்ல, நம்ம லேப்ல பண்ண லோ பாஸ் ஃபில்டர்தான். அதை மூடினா சர்ச்சுக்கு, திறந்தா குத்துப் பாட்டுக்கு. யமஹா டி.ஆர்.பி.எக்ஸ். 174, கோர்ட் ஆக்‌ஷன் பி.ஜே., ஐபனெஸ் ஜி.எஸ்.ஆர். 200, ஸ்க்வையர் அஃபினிட்டி ப்ரெசிஷன் பி.ஜே. எல்லாமே இந்த ஜாதிதான். விலை மாசத்துக்கு மாசம் மாறும், அதனால வாங்கற அன்னைக்குப் பாருங்க.

பேட்டரி வேணுமா?

பேஸ்ல ஆக்டிவ், பேசிவ்னு ரெண்டு வகை. ஆக்டிவ்ல உள்ள ஒரு குட்டி ப்ரீஆம்ப் இருக்கும், 9 வோல்ட் பேட்டரில ஓடும். பேஸ், ட்ரெபிளைத் தனித்தனியா ஏத்தி இறக்கலாம். கேபிளைச் சொருகினாலே பேட்டரி ஆன், சொருகியே வச்சிருந்தா வாசிக்காதப்பவும் பேட்டரி கரைஞ்சுட்டே இருக்கும். பாதிப் பாட்டுல அது தீர்ந்தா சத்தம் உடைஞ்சு நசுங்கி வரும். ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு கிராமத்துல 9 வோல்ட் பேட்டரி தேடி யார் ஓடறது?

ஆக்டிவ்ல ஒரு நிஜமான நன்மை இருக்கு, அதையும் சொல்லணும். நம்ம மேடைகள்ல பேஸ் ஆம்ப் இருக்காது. மைக் செட்காரர் ஒரு வயரை நீட்டி "இதுல சொருகும்மா"ன்னுவார். அது நேரா மிக்சருக்குப் போகும். பேசிவ் பேஸோட அவுட்புட் இம்பீடன்ஸ் அதிகம். மிக்சரோட சாதா இன்புட்ல போட்டா அது சிக்னலை இழுத்து மழுக்கிடும். ஆக்டிவ் பேஸ் அங்க தப்பிச்சுக்கும். பேசிவ் வாங்கறீங்கன்னா ஒரு டி.ஐ. பாக்ஸ் சேர்த்து வாங்கிடுங்க. ஆக்டிவ் டி.ஐ.யா இருந்தா நல்லது, மிக்சர்ல இருந்தே 48 வோல்ட் எடுத்துக்கும். அதுல 'க்ரவுண்ட் லிஃப்ட்'னு ஒரு ஸ்விட்ச் இருக்கும், எர்த் லூப்பால வர்ற இரைச்சலை அது வெட்டிடும். பேட்டரி தீர்ற கவலையே இல்லாத பேஸ், கூட ஒரு டி.ஐ. பாக்ஸ்: என் கணக்கு இதுதான்.

"பொண்ணுதானே, சின்னதா எடும்மா"

இதை நாலு பேர் சொன்னாங்க. பேஸோட கம்பி நீளம் வழக்கமா 34 இன்ச். 30 இன்ச் 'ஷார்ட் ஸ்கேல்' இருக்கு. அது மட்டமானது ஒண்ணும் இல்ல, பீட்டில்ஸ்ல பால் மெக்கார்ட்னி வாசிச்ச வயலின் வடிவ ஹாஃப்னரே 30 இன்ச்தான். விரல் விரிக்கிறது சுலபம், எடையும் கம்மி.

ஆனா நம்ம ஊர்க் கணக்கு வேற. ஷார்ட் ஸ்கேலுக்குத் தனி அளவுல கம்பி வாங்கணும். 34 இன்ச்சுக்கான கம்பியே திருச்சி போனாத்தான் கிடைக்கும். அது மட்டுமில்ல, கம்பி நீளம் குறைஞ்சா அதே சுருதிக்கு இழுவிசையும் குறையணும். பாடறவங்க டி-ல ஆரம்பிங்கன்னு சொன்னா நான் ஈ கம்பியை டி-க்கு இறக்குவேன், 41ல இருந்து 37 ஹெர்ட்ஸுக்கு. 34 இன்ச்ல அது கொஞ்சம் விறைப்பாவே நிக்கும், 30ல தொளதொளன்னு ஆயிடும். என் உயரம் அஞ்சடி ஒரு அங்குலம். ரெண்டு மாசம், தினம் அரை மணி நேரம், கட்டை விரலை நெக்குக்குப் பின்னாடி நடுவுல வச்சுப் பழகினேன். கை பழகிடுச்சு. கை ரொம்ப வலிச்சா ஷார்ட் ஸ்கேல் எடுங்க. பொண்ணுங்கிறதுக்காக மட்டும் எடுக்காதீங்க.

அஞ்சு கம்பி? கீழ் பி 31 ஹெர்ட்ஸ் வரைக்கும் போகும், இப்போ வர்ற பாட்டுகளுக்கு ஆசையா இருக்கும். ஆனா மலிவு விலை அஞ்சு கம்பியில அந்த பி கம்பி பல சமயம் தெளிவில்லாம உறுமும். அதே காசுக்கு நல்ல நாலு கம்பி வாங்கிடலாம்.

கடையில பதினஞ்சு நிமிஷம்

பெரம்பலூர்ல இருந்து திருச்சி 60 கிலோமீட்டர். அரியலூர்ல இருந்து ரயில் ஏறினா சென்னை எழும்பூர், அங்கிருந்து அண்ணா சாலையில 1842ல ஆரம்பிச்ச மியூசி மியூசிக்கல் கடைக்கே போயிடலாம். எங்க போனாலும் சரி, வெக்கப்படாம இதெல்லாம் பாருங்க.

1. நெக்கைத் துப்பாக்கி குறி பார்க்கிற மாதிரி நீளவாக்குல பாருங்க. முறுக்கிட்டு இருந்தா வேண்டாம். நாலு கம்பியும் சேர்ந்து 70, 80 கிலோ இழுக்குது. அதைத் தாங்கற மரம் அது.

2. ஈ கம்பியை முதல் ஃப்ரெட்லயும் கடைசி ஃப்ரெட்லயும் ஒரே நேரத்துல அழுத்துங்க. ஏழு, எட்டாவது ஃப்ரெட் மேல ஒரு விசிட்டிங் கார்டு நுழையற அளவு இடைவெளி இருக்கலாம். அதுக்கு மேல ரொம்ப இருந்தா, உள்ள இருக்கிற ட்ரஸ் ராடைத் திருப்பிச் சரி பண்ணச் சொல்லுங்க. அது திரும்பவே மாட்டேங்குதுன்னா கிளம்பிடுங்க.

3. ஒவ்வொரு கம்பியிலயும் ஒவ்வொரு ஃப்ரெட்டா வாசிங்க. எங்கேயாவது 'ஸ்ஸ்'னு உரசுதா, சுருதி செத்துப் போகுதா?

4. பன்னிரண்டாவது ஃப்ரெட் மேல விரலை லேசா வச்சு ஹார்மானிக் எடுங்க. அப்புறம் அதே இடத்துல அழுத்தி வாசிங்க. போன் ட்யூனர்ல ரெண்டும் ஒண்ணா காட்டணும். வித்தியாசம் இருந்தா பாலத்துல இருக்கிற திருகைத் திருப்பிச் சரி பண்ணலாம். திருகு கடைசி வரை போயும் சேரலன்னா விட்டுடுங்க.

5. குமிழ் எல்லாத்தையும் திருப்புங்க. கரகரன்னா உள்ள தூசி, அது சின்ன வேலை. சத்தம் விட்டு விட்டு வந்தா சால்டரிங் போயிருக்கு. நம்ம லேப்ல பத்து நிமிஷ வேலை, விலையைக் குறைக்க நல்ல காரணம்.

6. ஸ்ட்ராப் போட்டு நின்னு கையை விடுங்க. நெக் தரையைப் பார்த்துச் சாயுதா? சாஞ்சா உங்க இடது கை ராத்திரி பூரா அதைத் தூக்கிட்டே வாசிக்கணும்.

இதுல ஒண்ணுக்குக்கூட உங்களுக்கு நல்லா வாசிக்கத் தெரிஞ்சிருக்க வேண்டியதில்ல.

என் காசு எங்க போச்சு?

புதுசுக்கு என் காசு பத்தல, அதனால பழசு தேடினேன். மூணு மாசம் ஆச்சு. பேஸ்ல ஒரு நல்ல விஷயம், ஆர்வத்துல வாங்கி, ஆறு மாசத்துல அலமாரிக்குப் போனது நிறைய. தேய்மானம் அதிகம் இருக்காது. திருச்சியில ஒரு சர்ச் குழுவுல வாசிச்சவர் வேலைக்காக வெளிநாடு கிளம்பறதால, யமஹா டி.ஆர்.பி.எக்ஸ். 174 ஒண்ணைப் பஞ்சு வச்ச பையோட 9,500க்குக் கொடுத்தார். கம்பி மாத்திச் செட்டப் பண்ண 2,000. கேபிள் 600. ஸ்ட்ராப் 500. டி.ஐ. பாக்ஸும் செகண்ட் ஹேண்ட், 1,300. மொத்தம் 13,900. செட்டப் காசை மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க. சுமாரான பேஸும் நல்ல செட்டப்புக்கு அப்புறம் வேற ஆளா மாறிடும்.

ஆம்ப் வாங்கல. காலேஜ் கீபோர்டு ஆம்ப் போதும். கிட்டாருக்கான குட்டி ஆம்ப்ல மட்டும் சத்தமா வாசிக்காதீங்க, ஸ்பீக்கர் கிழிஞ்சிடும். வீட்ல எதுலயும் சொருகாமத்தான் வாசிக்கிறேன். பேஸோட மேல் கொம்பை மரக் கட்டிலோட தலைமாட்டுல ஒட்டி வச்சா கட்டிலே முழங்கும். இரும்பு பீரோல வச்சா உள்ள இருக்கிற பாத்திரமெல்லாம் கூட வாசிக்கும், அது வேண்டாம். சுண்ணாம்புக்கல் லாரி போனா ஜன்னல் அதிர்ற ஊர் எங்களது. கட்டில் அதிர்றதை யாரும் பெருசா எடுத்துக்கல.

பஸ்ல? ஏறக்குறைய நாலடி நீளம், நாலு கிலோ. கடைசி சீட்டுல ஜன்னலோரம் நிமிர்த்தி முட்டிக்கு நடுவுல வச்சுக்கணும். மேல் ரேக்ல படுக்க வைக்காதீங்க. மே மாச வெயில்ல நின்ன பஸ்லயோ கார்லயோ விட்டுட்டுப் போகாதீங்க, நெக் வளையும்.

அப்பா கேட்ட கேள்வி

"இதை வாசிச்சா என்னம்மா கிடைக்கும்?" அப்பா சிமெண்ட் ஆலையில கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறவர். கேலியா கேக்கல, நிஜமாவே தெரிஞ்சுக்கக் கேட்டார். பதினாலாயிரம் எங்க வீட்ல சின்னத் தொகை இல்ல. தங்கச்சி அடுத்த வருஷம் காலேஜ் சேரணும்.

வேலை கிடைக்கும்னு என்னால சொல்ல முடியல. ஜெயங்கொண்டம் அண்ணன் சொன்ன கணக்கு இன்னும் மாறல. தெரிஞ்ச பிராண்ட், தெரிஞ்ச மாடல், நல்லா வச்சுக்கிட்டா வித்த விலைக்குப் பக்கத்துலயே திரும்ப விக்கலாம்னு சொன்னேன். அது உண்மை, பழசு வாங்கினதுக்கு அதுவும் ஒரு காரணம். தங்கச்சி ஃபீஸுக்கு வேணும்னா மறுநாளே விக்கத் தயார்னும் சொன்னேன். அதுவும் உண்மைதான், சொல்லும்போது தொண்டை கொஞ்சம் அடைச்சாலும். அப்பா ஒண்ணும் சொல்லல. போன மாசம் சர்ச் குழுவோட வாசிச்சப்போ வாசல்ல பைக்கை நிறுத்திட்டுக் கடைசி வரைக்கும் நின்னு கேட்டார். வர்ற வழியில, "நீ நிறுத்தின இடத்துல பாட்டு காலியான மாதிரி இருந்துச்சேம்மா, அது என்ன?" அப்படின்னார். ஒரு பேஸ் வாசிக்கிற ஆளுக்கு இதைவிடப் பெரிய பாராட்டை யாரும் சொல்லிட முடியாது.

ஏப்ரலோட எங்க பேண்ட் கலையுது. ட்ரம்ஸ் ஓசூர் போறான், பாடறவ கோயம்புத்தூர். நான் சென்னை, பேஸும் கூட வருது. அடுத்த வருஷக் கல்ச்சுரல்ஸ்ல பேஸ் இடம் காலி. கீபோர்டு ஜூனியர் இப்பவே இடது கையைத் தயார் பண்ணிட்டு இருக்கான், பாவம். செகண்ட் இயர், தேர்ட் இயர்ல யாருக்காவது ஆசை இருந்தா, மார்ச் முடியற வரைக்கும் சாயங்காலம் நாலரைக்கு மேல மியூசிக் ரூம் வாங்க. பேஸைக் கையில தர்றேன், மாட்டி நின்னு பாருங்க. பிடிச்சா, திருச்சிக்குக் கூடவே வந்து நெக்கைக் குறி பார்த்துத் தர்றேன்.